விளையாட்டைச் சோதிக்கும் வேலை

கேள்வி: வீட்டிலிருந்தே வீடியோ கேம்களைச் சோதித்துச் சம்பாதிக்க முடியுமா? ஒருவர் பதிவுக் கட்டணமாக 2,000 ரூபாய் கேட்கிறார்.
– வாசகர், மண்டபம்

பதில்: அந்தப் பணத்தைத் தயவுசெய்து கட்டிவிடாதீர்கள். சோதனை வேலை தரும் யூடெஸ்ட் போன்ற இணையதளங்களில் இலவசமாகவே பதிவு செய்யலாம். வருமானம் மாதாமாதம் சீராக வராது என்பதால், இப்போதுள்ள வேலையை விடாமல் தொடங்குங்கள். கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பின் செயலி வெளியிடுவதற்கான தனிநபர் கணக்குத் தொடங்கியவர்கள், செயலியை வெளியிடுமுன் குறைந்தது 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும். அத்தகையோருக்கு முதலில் ஊதியமின்றி உதவினாலும், பிறரிடம் காட்ட நல்ல பிழை அறிக்கைகள் சேரும். “கேம் நின்றுவிட்டது” என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்தக் கைபேசி, எத்தனையாவது ஆண்ட்ராய்டு என்பதோடு, “மூன்றாம் கட்டத்தில் அழைப்பு வந்தது, பேசிவிட்டுத் திரும்பினால் திரை கறுத்திருந்தது” என்று படிப்படியாகத் திரைப்பதிவுடன் எழுதுங்கள். உங்கள் பழைய கைபேசியையும், கடலோரத்தில் விட்டுவிட்டு வரும் சிக்னலையும் எண்ணித் தயங்க வேண்டாம். பெருநகர அலுவலகத்தில் தென்படாத பிழைகள் அவற்றில்தான் அகப்படும்.