கிளிப் போட்ட பிறகு தாடை இன்னும் நீட்டமாகத் தெரிகிறதே!

கேள்வி: எனக்கு 22 வயது. சின்ன வயதிலிருந்தே கீழ்த்தாடை முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கும், வாயை மூடினால் கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு வெளியே நிற்கும். ஆபரேஷன் செய்தால்தான் சரியாகும், அதற்கு முன்னால் ஒரு வருடமாவது கிளிப் போட வேண்டும் என்றார் டாக்டர். பத்து மாதம் ஆகிறது. இப்போது கண்ணாடியில் பார்த்தால் முன்பைவிட மோசமாக இருக்கிறது. “இருந்ததையும் கெடுத்துட்டாங்களே” என்று பாட்டி அழுகிறார். வீட்டில் வரன் வேறு பார்க்கிறார்கள். கிளிப்பைக் கழற்றிவிடலாமா டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து இப்போது கழற்றாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிகிச்சை போக வேண்டிய வழியில்தான் போகிறது. இப்படி ஒரு கட்டம் வரும் என்று முதல் நாளே உங்களையும் பாட்டியையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது தவறு.

தாடை எலும்பு அளவுக்கு மீறி வளரும்போது பற்கள் சும்மா இருப்பதில்லை. மேல்ப்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படியாவது ஒன்றையொன்று தொடப் பார்க்கும், அதனால் கீழ்ப்பற்கள் நாக்குப் பக்கம் சாய்ந்துகொள்ளும், மேல்ப்பற்கள் உதட்டுப் பக்கம் சாயும். எலும்பில் 8 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், பல்லில் பார்க்கும்போது 3 மில்லிமீட்டர்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்களை இப்படியே விட்டு ஆபரேஷன் செய்தால் அந்த 3 மில்லிமீட்டருக்கு மேல் தாடையைப் பின்னால் தள்ள முடியாது, பல்லோடு பல் இடித்துவிடும். அதனால்தான் சாய்ந்த பற்களையெல்லாம் அந்தந்த எலும்பின் மேல் நேராக நிற்க வைக்கிறோம். பல் நேரானதும், இத்தனை வருடம் மறைந்திருந்த முழு 8 மில்லிமீட்டரும் வெளியே தெரிகிறது. கண்ணாடியில் நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

அடுத்த முறை போகும்போது ஒன்று செய்யுங்கள். முதல் நாள் எடுத்த பல் அச்சையும் இப்போதைய அச்சையும் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள், பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். புது அச்சில் கீழ்ப்பாதியைப் பிடித்து மெதுவாகப் பின்னால் நகர்த்தினால், ஒரு இடத்தில் மேல்ப்பாதியோடு ஏறக்குறையப் பொருந்தி உட்காரும். பழைய அச்சில் அது நடக்காது, முன்பற்கள் முதலிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். நான் பத்து நிமிடம் பேசிப் புரிய வைப்பதைவிட இது சீக்கிரம் புரியும். (கிளிப் போடாமல் முதலிலேயே ஆபரேஷன் செய்யும் முறையும் உண்டு, சிலருக்குத்தான் ஒத்துவரும். பத்து மாதம் தாண்டிவிட்ட உங்களுக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.)

பாதியில் நிறுத்தினால்தான் உண்மையான நஷ்டம். பழைய சாய்வும் போய், தாடையும் சரியாகாமல், முன்பல்லால் ஒரு கொய்யாவைக்கூடக் கடிக்க முடியாமல் நிற்பீர்கள்.

ஆபரேஷனைப் பற்றியும் பயம் இருக்கும். முழு மயக்கத்தில்தான் செய்வார்கள், வெட்டு எல்லாம் பெரும்பாலும் வாய்க்குள்ளேதான், முகத்தில் பெரிய தழும்பு வராது. கீழ்த்தாடையின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் எலும்பைப் பலகை பிளப்பது போல நெடுக்காகப் பிளந்து, பல் இருக்கும் முன்பகுதியை நகர்த்தி, சின்ன டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பொருத்துவார்கள். 1957-ல் ட்ரவுனர், ஓப்வெகேசர் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதி வெளியிட்ட முறை, அதன்பின் நிறைய மெருகேறிவிட்டது. சிலருக்கு மேல்த்தாடையையும் முன்னால் கொண்டுவர வேண்டியிருக்கும்.

முதல் மூன்று நாள் முகம் நன்றாக வீங்கும், அதைப் பார்த்து வீட்டில் யாரும் பதற வேண்டாம். ராகிக் கூழ், பருப்புத் தண்ணீர், மிக்ஸியில் அடித்த சாதம், இப்படித்தான் முதல் சில வாரங்கள் போகும். கடித்துச் சாப்பிட ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். அப்புறம் மரத்துப்போவது. கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேயேதான் ஓடுகிறது, அதனால் உதடும் தாடையும் மரத்திருக்கும், கஞ்சி வழிந்து தாடையில் நிற்பதுகூடத் தெரியாது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும், சிலருக்குக் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகவே தங்கும். கையெழுத்துப் போடும் முன்னால் இதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கடைவாயில் ஞானப்பல் இருந்தால் அதை எப்போது எடுக்கப் போகிறார்கள் என்றும் கேளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகும் கிளிப் சில மாதம் இருக்கும். வரன் விஷயத்தில் என் யோசனை, நிச்சயத்தை ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் தள்ளி வையுங்கள். வீக்கம் முழுசாக வடிய அத்தனை நாள் வேண்டும், அவசரத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்து நீங்களே வருத்தப்படக் கூடாது.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, இதே பிரச்சினை. இப்போதே ஆபரேஷன் செய்யலாமா?
- வாசகர், கடலூர்

பதில்: வேண்டாம் சார். கீழ்த்தாடை வளர்ந்துகொண்டே இருக்கும், இப்போது சரி செய்தாலும் மறுபடி நீளும். பையன்களுக்குப் பொதுவாகப் 18 வயதாவது தாண்ட வேண்டும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். வளர்ச்சி நின்றதா என்பதைப் பக்கவாட்டு எக்ஸ்ரேயை இடைவெளி விட்டு எடுத்து ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அதுவரை ஒரு பல் சீரமைப்பு நிபுணரின் பார்வையில் இருக்கட்டும். யாராவது இப்போதே கீழே இரண்டு பல்லைப் பிடுங்கி உள்ளே தள்ளிவிடலாம் என்றால், பிடுங்கும் முன் இன்னொரு நிபுணரிடமும் காட்டுங்கள்.