பொருளை ரீகால் செய்ததாக (ஆபத்து இருப்பதால் நிறுவனம் திரும்பப் பெறுவதாக) அறிவிப்பு வந்தால் உண்மையிலேயே பயப்பட வேண்டுமா? என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தார்: "ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறோம், எதுவும் ஆகவில்லை. நிறுவனம் தன் பாதுகாப்புக்காகச் சொல்லிவைப்பதுதானே?"

நானும் அப்படி நினைத்த ஆள்தான். என் மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது அக்கா ஒரு பை நிறையப் பொம்மைகள் கொடுத்தாள். அவள் மகன் விளையாடித் தீர்த்தவை. அதில் ஒரு பாட்டுப் பொம்மை கீழே விழுந்ததும் பின்பக்க மூடி கழன்று, பட்டன் பேட்டரி சோபாவுக்கு அடியில் உருண்டது. நல்ல வேளை, நான் பக்கத்தில் இருந்தேன். மூடியை டேப் போட்டு ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். டேப்! இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ராத்திரி மனசு கேட்காமல், பொம்மையின் அடியில் இருந்த மாடல் நம்பரைத் தேடிப் பார்த்தேன். முதலில் வந்ததே ரீகால் அறிவிப்பு. பதினோரு மாதப் பழசு. காரணம், அதே மூடி.

அக்காவுக்கு போன் போட்டேன். "ஏதோ மெயில் வந்துச்சுடா. ஆஃபர்னு நினைச்சுத் திறக்கவேயில்லை" என்றாள்.

சிக்கலே இதுதான். அறிவிப்பு வாங்கியவரைத் தேடிப் போகிறது, பொருளோ வேறு வீட்டில் இருக்கிறது. குழந்தைப் பொருள்கள் கைமாறுகிற மாதிரி வேறெதுவும் மாறாது.

பட்டன் பேட்டரியை விழுங்கினால் நாணயம் மாதிரி வெளியே வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு. ஈரத்தில் பட்டதும் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் திசுவை அரிக்கும் கடுமையான காரப்பொருள் உருவாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசு வெந்துபோகலாம். பேட்டரி உடைந்து ஒழுக வேண்டும் என்றுகூட இல்லை. தீர்ந்துபோனது என்று நாம் தூக்கிப் போடுவதிலும் அதற்கான மிச்சம் இருக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மூடியின் ஒரு ஸ்க்ரூவுக்காகவா ரீகால் என்று சிரித்த நான், இதைப் படித்த பிறகு சிரிக்கவில்லை.

சரி, "எதுவும் ஆகவில்லையே" என்ற வாதம். பிஷர் பிரைஸ் நிறுவனத்தின் 'ராக் அன் ப்ளே' என்ற சாய்வுத் தொட்டில் அமெரிக்காவில் 2009 முதல் விற்பனையில் இருந்தது. 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்களை ரீகால் செய்தார்கள். அதற்குள் 30க்கும் மேற்பட்ட குழந்தைகளின் இறப்பு பதிவாகியிருந்தது. பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் ஆகியிருக்காது, குழந்தை நிம்மதியாகத் தூங்கியிருக்கும். ஒவ்வொரு வீடும் தன் தொட்டிலை மட்டும் பார்த்தால் ஆபத்து கண்ணுக்கே தெரியாது. எல்லா வீடுகளையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. எனக்கு உறைத்தது அதற்குப் பிறகு நடந்தது: 2023 ஜனவரியில் அதே ரீகாலை மறுபடி அறிவித்தார்கள். மொத்த இறப்பு சுமார் 100 என்று அப்போது சொன்னார்கள். அதில் குறைந்தது எட்டு, முதல் ரீகாலுக்குப் பிறகு நேர்ந்தவை.

அறிவிப்பு வந்தால், முதலில் பொருளைக் குழந்தைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். உடனே குப்பையில் போடாதீர்கள். மாடல் நம்பர், பேட்ச் நம்பர், தயாரித்த தேதி எல்லாம் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில்தான் இருக்கும். ஒரே பெயரில் வந்த பொருளிலேயே சில பேட்ச்சுக்கு மட்டும் ரீகால் இருக்கலாம், அதனால் எண்ணைச் சரிபாருங்கள். பல நிறுவனங்கள் பில் கேட்பதில்லை. வாரை வெட்டி அல்லது பொருளை உடைத்து போட்டோ அனுப்பச் சொல்வார்கள். லித்தியம் பேட்டரி உள்ள சாதனம் என்றால் உடைக்கவே கூடாது, சாதாரணக் குப்பையிலும் போடக் கூடாது. எப்படி ஒப்படைப்பது என்று அறிவிப்பிலேயே இருக்கும்.

எப்போதும் பணம்தான் திரும்பி வரும் என்றும் இல்லை. 2016இல் ஐகியா 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளை அமெரிக்காவில் ரீகால் செய்தபோது, பணம் வேண்டாதவர்களுக்குச் சுவரில் பிணைக்கும் கிட்டை இலவசமாகக் கொடுத்தது. குழந்தை இழுப்பறையைத் திறந்து படி மாதிரி ஏறினால் அலமாரி முன்னால் சாயும் என்பதுதான் பிரச்சினை. அப்படி வந்த கிட் பல வீடுகளில் பிரிக்காமலே கிடக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

பழைய பொருள் வாங்குகிறீர்கள், யாராவது கொடுக்கிறார்கள் என்றால், வீட்டுக்குள் வருவதற்கு முன்பே எண்ணைத் தேடிப் பாருங்கள். பல நாடுகளின் அறிவிப்புகளை ஒரே இடத்தில் தேட, பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி (OECD) ஒரு இணையதளம் நடத்துகிறது. ஸ்டிக்கர் கிழிந்துபோன பொருளை நான் இப்போது வாங்கிக்கொள்வதே இல்லை, எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

அக்காவுக்குப் பணம் மூன்று வாரத்தில் வந்துவிட்டது. அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது, அதே பொம்மை இன்னொன்றை அலுவலகத் தோழிக்குப் பரிசாகக் கொடுத்திருந்தாள். தோழியைக் கேட்டால், அவள் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாளாம்.