250 பேர் கூட்டத்தில் ஃபோன் வாக்கெடுப்பு திணறுகிறது, கிளிக்கர் (பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் சிறு கைக்கருவி) வாங்கலாமா?

வாங்க வேண்டாம், ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். அதுவும் நிர்வாகிகள் தேர்தலுக்கு மட்டும். மற்ற கருத்துக் கேட்புக்கு ஃபோனே போதும்.

பாதிப் பேருக்குப் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது என்கிறீர்கள். பெரும்பாலும் மண்டபத்து ரவுட்டர்தான் காரணம். வீட்டு ரக ரவுட்டர் சில டஜன் கருவிகளுக்கே திணறும். வாக்களிக்காமல் சட்டைப்பையில் கிடக்கும் ஃபோனும் அதில் இணைந்துதான் இருக்கும். (வாக்குகள் சரியாக 50, 100 என்று நின்றிருந்தால் மட்டும் செயலியின் இலவசத் திட்ட வரம்பைப் பாருங்கள்.)

சோதிக்க: கடைசி வரிசையில் வைஃபையை அணைத்துவிட்டு, ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் மொபைல் டேட்டாவில் வாக்களித்துப் பாருங்கள். காலி மண்டபத்தில் அல்ல, கூட்டம் நிறைந்த நாளில். அதில் பதிவானால், வாக்கெடுப்பு நேரத்தில் வைஃபையை எல்லோரும் அணைக்கச் சொன்னாலே போதும்.

கிளிக்கர் எடுத்தால் ஒன்றில் கவனம் தேவை. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. யாருக்கு எந்த எண் என்று எழுதிவைத்தால் ரகசிய வாக்கு போச்சு. பட்டியலில் பெயரை மட்டும் டிக் செய்துவிட்டு, கலந்து போட்ட பெட்டியிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.