மறு: அண்ணனுக்கு டெலோமியர் டெஸ்ட் எடுக்கலாமா?

அண்ணன் போக்குவரத்துக் காவலர், நாளெல்லாம் சிக்னலில் துணி மாஸ்க்கோடு நிற்கிறார், டெலோமியர் (குரோமோசோம் நுனியிலுள்ள டிஎன்ஏ மூடி, வயதாக ஆகக் குட்டையாகும்) நீளத்தை அளக்கும் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்தப் பணத்தை நல்ல மாஸ்க்கில் போடுங்கள்.

வண்டிப் புகை டெலோமியரைக் குட்டையாக்குமோ என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். 2009இல் வெளியான மிலான் நகர ஆய்வில், 77 போக்குவரத்துக் காவலர்களின் வெள்ளணு டெலோமியர்கள் 57 அலுவலக ஊழியர்களுடையதைவிடச் சராசரியாகக் குட்டையாக இருந்தன. புகைத்துகள் கிளப்பும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் (வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லைத் தாக்குவது), குவானின் என்ற டிஎன்ஏ எழுத்து நிறைந்த டெலோமியர் எளிதில் சேதமாகும். ஆனால் அது ஒரு குழுவின் சராசரி. தனி ஆளில் மரபு, வயது, அளவீட்டுப் பிழை எல்லாம் கலந்துவிடும். அந்த ஒற்றை எண்ணை வைத்துச் சிகிச்சை எதுவும் மாறாது. ஆண்டுக்கொரு முறை ஸ்பைரோமெட்ரியும் (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) ரத்த அழுத்தமும் பாருங்கள்.

துணி நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது. தலையைச் சுற்றி இரண்டு பட்டை போடும் என்95 வாங்குங்கள். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்தி, பலமாக மூச்சை விட்டு, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பார்க்கட்டும். தாடி இருந்தால் கசியும். பலரும் என்95ஐத் துவைத்துப் போடுகிறார்கள்; துவைத்தால் இழையிலுள்ள மின்னூட்டம் குறைந்து வடிதிறன் விழும். வியர்வையில் நனைந்தால் மாற்றிவிட வேண்டும். வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவை இந்த மாஸ்க் நிறுத்தாது, அதனால் காற்று வரும் பக்கமாக, பஸ் புகைக்குழாயை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.