நடக்காத கூட்டத்தின் தீர்மானத்தில் கையொப்பமிடலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில், உணவுப் பதப்படுத்துதல் பட்டயப் படிப்பின் ஒருங்கிணைப்பாளராகத் தொகுப்பூதியத்தில் பணிபுரிகிறேன். மாங்கூழ், பழரசம் தயாரிப்புக்கான தாளையும் அதன் செய்முறையையும் பல ஆண்டுகளாக நானே நடத்திவந்தேன். கடந்த ஆகஸ்டில், வகுப்புகள் தொடங்கி ஒரு மாதம் ஆன பிறகு, என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அந்தத் தாளை எடுத்துவிட்டு பேக்கரித் தாளைச் சேர்த்துவிட்டார்கள். என் பாடவேளையும் ஊதியமும் பாதியாயின. ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் என்னை எல்லோர் முன்னிலையிலும் இழிவாகப் பேசினார். நான் எழுதிய பாடக்குறிப்புகளை இப்போது வேறொருவர் பயன்படுத்துகிறார். அடுத்த மாதம் பல்கலைக்கழக ஆய்வுக் குழு வருகிறது. அதற்காக, கடந்த ஏப்ரலிலேயே பாடத்திட்டக் குழு கூடி இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்து, என்னைக் கையொப்பமிடச் சொல்கிறார்கள். கையொப்பமிட்டால் பழைய பாடவேளை திரும்பக் கிடைக்குமாம். அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை. அன்று நான் உறவினர் திருமணத்துக்காக விடுப்பில் இருந்தேன். கல்லூரி மீது வழக்குத் தொடர முடியுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி, உங்களுக்கு நேர்ந்த அவமதிப்பைப் பற்றியது. அதில் ஒரு வரியைக்கூட நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பாட மாற்றத்துக்குப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல், இப்போது படிக்கும் மாணவர்கள் சேர்க்கப்படுவதற்கு முன்பு கிடைத்ததா, இல்லையா? இல்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. அந்த 'இல்லை'யை 'ஆம்' போலக் காட்டுவதற்குத்தான் உங்கள் கையொப்பம் தேவைப்படுகிறது.

மற்றக் குறைகளை விரைவாகக் கடந்துவிடுகிறேன். மாங்கூழை எடுத்துவிட்டு பேக்கரியைச் சேர்த்தது சரியா என்று எந்த நீதிமன்றமும் ஆராயாது. கல்விசார் முடிவுகளில் வல்லுநர்களின் கருத்துக்குப் பதிலாக நீதிமன்றம் தன் கருத்தைத் திணிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1984-இலேயே, மகாராஷ்டிர மாநிலக் கல்வி வாரிய வழக்கில், உறுதியாகச் சொல்லிவிட்டது. கூழ் ஆலைகள் ஆண்டில் சில மாதங்களே ஓடுகின்றன, ஓசூர்ப் பக்கம் பேக்கரி வேலை ஆண்டு முழுவதும் கிடைக்கிறது என்று நிர்வாகம் சொன்னால், அது ஏற்கத்தக்க காரணமாகவே தெரியும். பாடவேளைக் குறைப்புக்காக ரிட் மனு (உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். தனியார் கல்வி நிறுவனத்துக்கும் அதன் பணியாளருக்கும் இடையிலான வெறும் ஒப்பந்தப் பிரச்சினை, பொதுச் சட்டக் கூறு இல்லாதவரை, ரிட் அதிகாரத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. பாடக்குறிப்புகளைப் பொறுத்தவரை, பணியின் ஒரு பகுதியாக எழுதப்பட்டவை, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி பணியளித்தவருக்கே சேரும். தாளாளர் பேசியதற்கு வழக்கு வேண்டாம். அன்று அந்த அறையில் இருந்த உங்கள் சக ஆசிரியர் ஒருவர்கூடக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லமாட்டார்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் மாவட்டத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் ஒரு கல்லூரி பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தாலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஏற்பைப் பெற்றிருந்தாலும், தன்னாட்சி பெறாதவரை பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் அதற்குக் கிடையாது. கல்லூரியின் உள் குழு பரிந்துரைக்கலாம்; முடிவு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவுக்கும் அதற்கு மேலுள்ள கல்விசார் அமைப்புகளுக்கும் உரியது. எந்தப் பல்கலைக்கழகம் என்று நீங்கள் எழுதவில்லை. கல்லூரியின் ஏற்பு ஆணையையும் அதனுடன் இணைக்கப்பட்ட பாடத்திட்டத்தையும் முதலில் எடுத்துப் படியுங்கள். ஏப்ரலில் உண்மையாகவே கூட்டம் நடந்திருந்தாலும் அந்தத் தீர்மானம் மட்டும் போதாது என்பது அதிலிருந்தே விளங்கும்.

அப்படியானால் ஏப்ரல் தேதி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சேர்க்கைக்கு முன்பே பரிந்துரை முடிந்துவிட்டது, பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதில்தான் தாமதம் ஏற்பட்டது என்று சொல்லி, மாற்றத்துக்குப் பின்னேற்பு, அதாவது செய்து முடித்த பிறகு தரப்படும் ஒப்புதல், கேட்பதற்காக. தாமதத்தைப் பல்கலைக்கழகம் சில நேரம் மன்னிக்கும். அதிகாரமே இல்லாமல் செய்ததை மன்னிப்பது எளிதல்ல. ஆகவே அந்தக் கோரிக்கை முழுவதும் நடக்காத ஒரு கூட்டத்தின் மேல் நிற்கப் போகிறது. அந்தக் கூட்டத்தில் துறை அறிந்தவர் என்று காட்டுவதற்கு அவர்களிடம் இருக்கும் ஒரே பெயர் உங்களுடையது.

பின்னேற்பு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் நிர்வாகங்களுக்கு நான் எடுத்துக் காட்டுவது, 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரிசா நீர்ப்பாசனக் கழக வழக்கின் தீர்ப்பு. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முன் அனுமதி பெறாமல் தொலைநிலையில் பொறியியல் நடத்தி, பிறகு பின்னேற்பாக ஒப்புதல் வாங்கியிருந்தன. அந்த ஒப்புதல்கள் செல்லாது என்றது நீதிமன்றம். 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவர்கள் தனித் தேர்வு எழுதி மீட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து செய்யப்பட்டு, கட்டணத்தைத் திருப்பித் தர உத்தரவிடப்பட்டது. அனுமதி கொடுத்த அலுவலர்களின் நடத்தையை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. உங்கள் கல்லூரியின் விவகாரம் அளவில் மிகச் சிறியது, அதன் சட்டப் பின்னணியும் வேறு என்பது உண்மைதான். ஆனால் படித்த மாணவர் ஒருபுறமும், கோப்பில் கையொப்பமிட்ட அலுவலர் மறுபுறமும் சிக்கிக்கொள்ளும் விதம் ஒன்றேதான்.

உங்கள் விஷயத்தில் அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், ஏனெனில் இதே போன்ற நிலையில் என் கட்சிக்காரர்கள் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். தேர்வு நாளில் பல்கலைக்கழகம் தான் ஒப்புதல் அளித்த பாடத்திட்டப்படி வினாத்தாள் அனுப்பும். காவேரிப்பட்டினத்திலிருந்தும் போச்சம்பள்ளியிலிருந்தும் பேருந்து பிடித்து வந்து ஆண்டு முழுவதும் பேக்கரி படித்த பிள்ளைகளின் கையில் மாங்கூழ்த் தாள் இருக்கும். தேர்வு எப்படியோ சமாளிக்கப்பட்டாலும், மதிப்பெண் பட்டியலில் அவர்கள் படிக்காத தாளின் பெயர் வரும், அல்லது பட்டியலே வராது. பெற்றோர் காவல் நிலையத்துக்கோ மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளுக்கோ போவார்கள். அப்போது நிர்வாகம் தரும் விளக்கம், சொல்லி வைத்தாற்போல் ஒன்றாகவே இருக்கும்: 'நாங்கள் நிர்வாகிகள், பாடம் எங்களுக்குத் தெரியாது, ஒருங்கிணைப்பாளர் பரிந்துரைத்தார், நாங்கள் ஏற்றோம், இதோ அவருடைய கையொப்பம்.' இன்று உங்களை ஒரு வார்த்தை கேட்காதவர்கள், அன்று நீங்கள் சொன்னதைத்தான் செய்தோம் என்பார்கள். எழுத்தில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் புகாரில் என்ன பிரிவுகள் வரும்? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின்கீழ் ஏமாற்றுதல், 336-இன்கீழ் போலி ஆவணம் உருவாக்குதல், 340-இன்கீழ் அதை உண்மையென்று பயன்படுத்துதல், 61-இன்கீழ் கூட்டுச் சதி. ஒருவர் தன் பெயரில் தானே கையொப்பமிட்டு, தேதியை மட்டும் பழையதாகப் போட்டால் அது சட்டப்படி போலி ஆவணமாகுமா என்பதில் உங்கள் தரப்பு வழக்கறிஞர் நன்றாகவே வாதிடலாம். ஆனால் அந்த வாதம் முதல் தகவல் அறிக்கை பதிவான பின்பு, முன்பிணை வாங்கிய பின்பு, பல ஆண்டுகள் கழித்துக் கேட்கப்படுவது. அதற்குள் நீங்கள் வேறெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் நிலுவையிலுள்ள குற்ற வழக்கு உங்களுடன் வரும். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்ட விடுப்பு, இங்கேதான் பெரும் எடை பெறுகிறது. உங்கள் விடுப்பு விண்ணப்பமும் அன்றைய வருகைப் பதிவேடும் அதே கல்லூரியில் இருக்கின்றன. கையொப்பமிடாதவரை அவை உங்களைக் காக்கும் சான்றுகள். கையொப்பமிட்ட நொடியில் உங்களுக்கு எதிரான சான்றுகளாகிவிடும்.

இதில் நடுவழி தேடாதீர்கள். 'எதிர்ப்புடன்' என்று எழுதிக் கையொப்பமிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கூட்டத்தில் எதிர்ப்புத் தெரிவித்தீர்கள் என்றால், கூட்டம் நடந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிறது. நிர்வாகத்துக்குத் தேவையானதும் அதுவே. சுருக்கொப்பம் இடுவதும், வருகைப் பட்டியலில் மட்டும் பெயர் எழுதுவதும் அப்படித்தான். கோபத்தில் வேலையை விட்டு வருவதும் தீர்வாகாது. பதவி விலகியவரின் மேல் பழியை ஏற்றுவது உள்ளே இருப்பவர்மேல் ஏற்றுவதைவிட எளிது. தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் எண்ணம் வந்தால் உடனே விட்டுவிடுங்கள். மறுநாளே திருட்டுப் புகார் வரும். மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதையெல்லாம் போட்டுப் போராட்டம் மூட்டினால், உங்கள் மீதான அவதூறு வழக்கே முதல் வழக்காகிவிடும். கையொப்பமிடச் சொல்லித் தாளாளரோ முதல்வரோ அனுப்பிய செய்திகள் இருந்தால் அழிக்காதீர்கள். கைபேசியை மாற்றவும் வேண்டாம். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழுடன் தாக்கல் செய்ய அந்தக் கருவி தேவைப்படும்.

இப்போது நான் சொல்லப் போவது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். சமாதானமாகப் போங்கள். வழக்குத் தொடர்ந்தால் நீங்கள் வெல்லக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. பேசினால் வெல்லக்கூடியது நிறைய இருக்கிறது. இந்த ஆண்டு மாணவர்களைக் காப்பாற்றும் ஒரே நேர்மையான வழி, அவர்கள் சேர்ந்தபோது நடைமுறையிலிருந்த பாடத்திட்டப்படியே அவர்களைத் தேர்வுக்குத் தயார்செய்வது. அதற்கு வரும் மாதங்களில் நீக்கப்பட்ட தாளுக்குச் சிறப்பு வகுப்புகள் நடத்த வேண்டும். அதை நடத்தத் தெரிந்தவர் அந்தக் கல்லூரியில் நீங்கள்தான். மாங்காய் வர மே மாதம் ஆகும் என்றாலும், இராயக்கோட்டைத் தக்காளியை வைத்தே கூழ் எடுக்கும் செய்முறையின் பெரும்பகுதியைக் கற்பிக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது; அது உங்கள் துறை, நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆக, நீங்கள் கேட்க வேண்டியவை இவை: ஏப்ரல் தேதியிட்ட தீர்மானம் கைவிடப்பட வேண்டும், இன்றைய தேதியில் உண்மையான கூட்டம் ஒன்று கூட்டப்பட்டு, பேக்கரித் தாள் அடுத்த கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வரும்படி பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை போக வேண்டும், இந்த ஆண்டுத் தவறைக் கல்லூரியே எழுத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்து, சிறப்பு வகுப்புகளுக்கு உங்களை உரிய ஊதியத்துடன் நியமிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பேக்கரிக்கு ஆதரவாகக் கையொப்பமிட மனம் கசக்கும். ஆனாலும் இடுங்கள், அது உண்மையான கையொப்பம்.

பேச்சுவார்த்தையில் ஒன்றை மட்டும் எக்காரணத்தாலும் ஏற்காதீர்கள்: கையொப்பத்துக்கு விலையாகப் பாடவேளையோ, பணி நிரந்தரமோ, பணமோ. அப்படியொரு பேரம் நடந்ததற்கான தடயம் ஒன்று கிடைத்தால், அறியாமல் செய்தேன் என்று சொல்லும் வாய்ப்பும் போய்விடும். பல்கலைக்கழகத்திடம் வாய் திறக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதும் வேண்டாம்.

நிர்வாகம் மறுத்தால், முதல்வருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். குறிப்பிட்ட தேதியில் நீங்கள் விடுப்பில் இருந்ததையும், அன்று நடந்ததாகச் சொல்லப்படும் கூட்டத்தின் குறிப்பில் கையொப்பமிட இயலாததையும், இந்த மாணவர்களுக்குப் பழைய பாடத்திட்டப்படி வகுப்பு நடத்தத் தயாராக இருப்பதையும் மட்டும் சொல்லுங்கள். தாளாளர் பேசியது, ஊதியக் குறைப்பு, இத்தனை மாதக் கசப்பு எதுவும் அதில் வரக் கூடாது. வந்தால் அது தனிப்பட்ட பகை கொண்டவரின் கடிதம் என்று ஒதுக்கப்படும். நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் அஞ்சலில் அனுப்புங்கள். ஆய்வுக் குழு வருவதற்கு ஒரு வாரம் முன்புவரை பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் நகலைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அனுப்பிவிடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்புதல் விவரம் கேட்பதையும் இன்றே செய்யலாம், ஆனால் பதிலுக்கு 30 நாட்கள் அவகாசம் உண்டு என்பதால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இதற்கிடையில் யாராவது உங்கள் பெயரில் தாங்களே கையொப்பமிட்டுவிட்டதாகத் தெரியவந்தால் நிலைமை முற்றிலும் வேறு. அதன்பின் போலி ஆவணமா இல்லையா என்ற வாதத்துக்கே இடமில்லை. சமாதானம் பேசிக்கொண்டு ஒரு வாரம் கடத்தினாலும், தெரிந்தே அனுமதித்தீர்களா என்ற கேள்வி உங்களை நோக்கித் திரும்பும். அன்றே பதிவாளருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, மனு ஏற்பு ரசீதை வாங்கிக்கொண்டு உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.