படகுத்துறை கேள்வி–பதில்: கால்வாய் முட்டும் இடத்தில்

ஏழு மீட்டர் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கோடியில் கால்வாய் முட்டி நின்றுவிடும், அங்கேதான் கட்டுகிறோம். ராத்திரி கட்டிவிட்டுப் போனால் காலையில் படகு கரைமேல் ஒருபக்கம் சாய்ந்து, பாதித் தண்ணீரோடு கிடக்கிறது. கயிறு புதியது, நல்ல தடிமன். எங்கே தவறு?
– வாசகர், கோவளம்

கயிற்றின் தடிமனைக் குறை சொல்ல வேண்டாம். கட்டிய விதம்தான் தவறு. ஏற்றத்தின்போது, அதாவது கடல்நீர் உள்ளே ஏறும் நேரத்தில், கரையோடு இறுக்கிக் கட்டியிருப்பீர்கள். தண்ணீர் வற்றும்போது கரைப்பக்க அடி சரிவில் உட்கார்ந்துவிடும், மறுபக்கம் தண்ணீரோடு இறங்கும். அடுத்த ஏற்றத்தில் சேற்றில் ஒட்டிய அடி விடுபடுவதற்குள், தாழ்ந்த விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். படகில் ஓட்டை தேடாதீர்கள்.

சென்னைக் கடலோரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் வித்தியாசம் இருக்கும். கால்வாய்க்குள் அது குறையும், இடத்துக்கு இடம் மாறும். அதனால் ஒரு கம்பை நட்டு, அந்த நாட்களில் மேல் மட்டத்தையும் கீழ் மட்டத்தையும் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கம்பத்துக்கும் படகுக்கும் நடுவே ஒரு மீட்டர் கயிறு என்றால், படகு அவ்வளவு இறங்க இன்னும் 17 செ.மீ. கயிறு வேண்டும். அதையே மூன்று மீட்டராக விட்டுக் கட்டினால் 6 செ.மீ. தளர்வு போதும். ஆகவே கம்பத்தைப் படகுக்குப் பக்கத்தில் நடாதீர்கள். அணியத்திலிருந்து (படகின் முன்முனை) மூன்று மீட்டர் முன்னே ஒன்று, கடையாலிலிருந்து (பின்முனை) மூன்று மீட்டர் பின்னே ஒன்று என்று நடுங்கள். இரண்டும் கரையில் வேண்டாம். வற்றத்திலும் முழங்கால் தண்ணீர் நிற்கும் கோட்டில் இருக்கட்டும். மூன்று மீட்டர் சவுக்குக் கம்பம் என்றால் பாதி சேற்றுக்குள் போக வேண்டும், தலை படகுக்கு எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். ஏறி இறங்க ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம்.

முடிச்சுக்கு, கம்பத்தில் முழுதாக இரண்டு சுற்று, அதன்மேல் இரண்டு அரை முடிச்சு. இழுவை இருக்கும்போதே அவிழ்க்க வரும். இன்னொன்று: உவர்நீரில் நிற்கும் கம்பத்தில் சில மாதங்களிலேயே கொட்டலசு என்ற ஓட்டு உயிரி படிந்துவிடும், அதன் விளிம்பு பிளேடு மாதிரி. கயிறு உரசும் இடத்தில் ஒரு முழம் தோட்டத்து ஹோஸ் பைப்பைக் கோத்துவிடுங்கள். நீல நிற பிளாஸ்டிக் கயிறு மலிவுதான், ஆனால் மிதக்கும். புறப்படும்போது நேரே புரொப்பல்லரில் போய்ச் சுற்றும். 12 மி.மீ. நைலான் மூழ்கும், கொஞ்சம் நீண்டும் கொடுக்கும்.

காலையில் சுலபமாகக் கிளம்பிவிடுகிறேன். மத்தியானம் மேற்குக் கரையை விட்டுப் படகை நகர்த்தவே முடியவில்லை. ஏன்?
– வாசகர், முட்டுக்காடு

பக்கிங்ஹாம் கால்வாய் கடலுக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடுகிறது. விடியற்காலையில் கரைக்காற்று மேற்கிலிருந்து வரும். உச்சிவேளையை ஒட்டிக் கடற்காற்று எழுந்து குறுக்கே அடிக்கும். படகை மேற்குக் கரையோடு அப்பிவிடும். வசதி இருந்தால் கிழக்குக் கரையில் கட்டுங்கள். கயிறு விறைப்பாக நிற்கும், படகு கரையில் தேயாது, அவிழ்த்தவுடன் தானே விலகும்.

மேற்குக் கரைதான் கதி என்றால், அணியத்துக்கும் கரைக்கும் நடுவே பழைய ஸ்கூட்டர் டயரைத் தொங்கவிடுங்கள். அணியத்திலிருந்து ஒரு கயிற்றைப் பின்னோக்கிக் கொண்டுபோய்க் கம்பத்தைச் சுற்றி, இரு முனையும் படகுக்குள் இருக்கும்படி பிடியுங்கள். மற்ற கயிறுகளை எடுத்துவிட்டு, புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் கரையை நோக்கிப் போகும்படி என்ஜினைத் திருப்பி, முன் கியரில் மெல்லக் கொடுங்கள். கயிறு முன்னே போகவிடாது. கடையால் கரையை விட்டு வெளியே வரும். நன்றாக விலகியதும் நியூட்ரல். ஒரு முனையை விட்டுக் கயிற்றை உருவி முழுதும் உள்ளே எடுத்த பிறகே பின் கியர். பாதிக் கயிறு தண்ணீரில் கிடக்கும்போது கியர் போடுகிறவர்கள்தான் அதிகம்.

ஓத அட்டவணை (கடல் ஏற்ற வற்ற நேரப் பட்டியல்) பார்த்துத்தான் வருகிறோம். கோடைக்காலத்தில் அது பொருந்துவதே இல்லையே?
– வாசகி, கேளம்பாக்கம்

முகத்துவாரத்தை மணல் அடைத்தால் அட்டவணைக்கு வேலை இல்லை. ஏற்ற வற்றம் உள்ளே எட்டாது, மட்டம் வெயிலில் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். முகம் திறந்திருக்கும்போதும் கடலில் ஏற்றம் உச்சிக்கு வந்து சற்று நேரம் கழித்தே உள்ளே நிறையும். வடகிழக்குப் பருவமழையில் இது தலைகீழ்: மழைவெள்ளம் மட்டத்தை ஏற்றும், முகம் உடைந்ததும் சடாரென்று வடியும். ஐப்பசி, கார்த்திகையில் தளர்வை இரட்டிப்பாக விட்டு, தினமும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

கால்வாய்க் கோடியில் திருப்பும்போது என்ஜின் சூடாகிறது, படகும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.
– வாசகர், எண்ணூர்

கோடியில் நீரோட்டம் இல்லாததால் சேறும் பிளாஸ்டிக் பையும் அங்கேதான் சேரும். என்ஜினின் பின்பக்கம் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது மெலிந்தாலே நிறுத்துங்கள். உறிஞ்சும் துளையில் பை அப்பியிருக்கும். பார்க்காமல் ஓட்டினால் பம்பின் ரப்பர் இறகு கருகிவிடும், பிறகு துளையைச் சுத்தம் செய்தும் பயனில்லை.

ஆழம் குறைந்த இடத்தில் வேகம் கொடுத்தால் கடையால் தாழ்ந்து தரை தட்டும். ஒரு கரையை ஒட்டிப் போனால் கடையால் அந்தக் கரைக்கே இழுபடும். நீங்கள் சொல்லும் ‘பேச்சு கேளாமை’ இதுதான். முட்டும் இடத்துக்கு ஐம்பது மீட்டர் முன்பே வேகத்தை இறக்கி, நடுக் கால்வாய்க்கு வந்துவிடுங்கள். மூங்கில் கழியால் ஆழம் பாருங்கள். புரொப்பல்லர் மூழ்கி அதற்குக் கீழே ஒரு சாண் தண்ணீர் இல்லையென்றால் என்ஜினைத் தூக்கிவிட்டுக் கழியாலேயே திருப்புங்கள்: அணியத்தை மெல்லக் கரையில் பொருத்தி, கடையாலை ஊன்றித் தள்ளினால் போதும். அவமானம் ஒன்றுமில்லை.

அடையாற்றிலிருந்து மரக்காணம் வரை கால்வாயிலேயே படகில் போகலாமா?
– வாசகர், திருவான்மியூர்

கால்வாயின் தென்கோடி மரக்காணம்தான்; 2008இல் தேசிய நீர்வழி 4இல் இதையும் சேர்த்தார்கள். அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. தெற்கே போக நினைத்தால், முதலில் சாலை வழியாகப் போய் ஒவ்வொரு பாலத்தடியிலும் இறங்கி, ஏற்றத்தின்போது தலைக்குமேல் எவ்வளவு இடைவெளி, வற்றத்தில் எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வலை எங்கே கட்டியிருக்கிறது என்று அங்கே இறால் பிடிப்பவர்களிடம் கேளுங்கள்.