மழைக்காலக் காய்கறிப் பங்கு: முன்பணம் கட்டிச் சேரலாமா?

கேள்வி: கனடாவில் படிக்கும் என் மகள் அங்குள்ள ஒரு பண்ணையில் குளிர்காலக் காய்கறிப் பங்கு எடுத்திருக்கிறாள். அதே முறையில், கேமரன் மலையில் விவசாயம் செய்யும் ஒருவர், நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டு வாரத்திற்கு ஒரு பெட்டி வீதம் எட்டுப் பெட்டிகளுக்கு 480 வெள்ளியை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பத்துக் குடும்பங்கள் சேர விரும்புகின்றன. எல்லாரும் தோட்டத்து லயத்தில் ஒன்றாக வாழ்ந்தவர்கள். கடையில் வாங்குவதைவிட இது இலாபமா?
– வாசகி, தாப்பா, பேராக், மலேசியா

பதில்: சேருங்கள். ஆனால், அவர் சொல்கிற ஏற்பாட்டை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இலாபக் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். பண்ணைப் பங்கு என்பது கிலோ கணக்கில் காய் வாங்குவதன்று. விதைக்கும் உரத்திற்கும் கூலிக்கும் பணம் தேவைப்படுகிற நேரத்தில் உண்பவர்களே அதைக் கொடுத்துவிட்டு, பிறகு விளைந்ததைப் பகிர்ந்துகொள்வதாகும். ஜப்பானில் 1970களில் ‘தெய்கெய்’ என்ற பெயரில் இத்தகைய உறவு பரவியது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இதைத் தொடங்கிவைத்தன. விளைச்சல் நன்றாக இருந்தால் பெட்டி கனக்கும். மழை கெடுத்தால் இலேசாகிவிடும், பணம் திரும்பாது. கூட்டு (சீட்டு) கட்டிப் பழகிய நம் மக்களிடம் இதை முதலிலேயே விளக்கிவிடுங்கள். கூட்டில் கட்டிய தொகை கைக்கு வந்து சேரும் என்று எதிர்பார்ப்போம்; இங்கே நட்டத்திலும் நமக்குப் பங்குண்டு.

எனக்கு உறுத்துவது, ‘இரண்டு வாரத்திற்கு ஒரு பெட்டி’ என்பதுதான். குளிர்நாடுகளில் அப்படிக் கொடுக்க முடிவதற்குக் காரணம், அந்தப் பெட்டியில் பெரும்பாலும் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம், பரங்கிக்காய் போன்றவையே இருப்பதுதான்; நிலம் உறைவதற்கு முன்பே அவற்றை அறுத்து, கேரட்டையும் கோஸையும் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் ஈரம் காயாமல் மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். உறைபனி பட்ட கேரட் இனிப்பதும் உண்மையே: குளிரைத் தாங்குவதற்காகச் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. கேமரன் மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் குளுகுளுவென்று இருந்தாலும் அங்கே நிலம் உறைவதில்லை. ஆண்டு முழுவதும் பயிர் நடக்கிறது. ஆகவே உங்கள் பெட்டியில் சாவி எனும் கடுகுக்கீரையும் சாலட் கீரையும் பீன்ஸும்தான் நிறைந்திருக்கும். மலையடிவாரத்துத் தாப்பாவின் வெக்கையில் அவை இரண்டு வாரம் தாங்கா. குளிர்பெட்டியில் வைத்தாலும் ஐந்தாம் நாள் சாவியின் நுனி மஞ்சளாகும், பிறகு தண்டு கொழகொழக்கும். அதே தொகைக்கு வாரம் ஒரு சிறு பெட்டி, அதாவது 30 வெள்ளி வீதம் 16 பெட்டிகள் கேளுங்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் அவர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

பணத்தையும் மாதம் 120 வெள்ளியாகக் கட்டுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒரு திட்டத்தில் முழுத்தொகையையும் கட்டிவிட்டு, மூன்று பெட்டிகளோடு ஏமாந்தவன் நான். பயிர் அழிந்ததென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். மேலும், நீங்கள் குறிப்பிடும் மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா செல்லும் மலைச்சாலையில் மண் சரிந்தால் லாரி இறங்காது. அந்த வாரத்துப் பெட்டி அடுத்த வாரம் சேர்த்து வருமா, இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தடிப்பைப் பற்றியும் கேட்க வேண்டும். விவசாயத் துறை வழங்கும் ‘மைகேப்’ சான்றிதழ் முறையான சாகுபடிக்கு உரியது. அதில் அனுமதிக்கப்பட்ட பூச்சிமருந்துகளுக்கு இடமுண்டு. செயற்கை மருந்தே கூடாது என்பவர்கள் ‘மைஆர்கானிக்’ சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்டி வந்தவுடன் கேரட், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றின் இலைகளை வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் இலை கிழங்கின் நீரை உறிஞ்சி, இரண்டே நாளில் கேரட் ரப்பர்போல வளையும். கேரட்டை ஆப்பிளுக்கு அருகில் வைத்தால் கசந்துபோகும். சர்க்கரைவள்ளியைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. வேகவைத்தாலும் நடுவில் கட்டைபோல நின்றுவிடும்.

கேள்வி: நாங்கள் கணவன் மனைவி இருவர் மட்டுமே. எங்களுக்கும் பங்கு பொருந்துமா? பழக்கமில்லாத காய் வந்தால் என்ன செய்வது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பக்கத்து வீட்டாரோடு அரைப்பங்காகச் சேருங்கள், ஒரு வாரம் நீங்கள், மறுவாரம் அவர்கள் என்று முறைவைக்காமல் ஒவ்வொரு பெட்டியையும் பாதியாகப் பிரிப்பதே நல்லது, இல்லையென்றால் கனத்த பெட்டி யாருக்கு வந்தது என்று மனக்கசப்பு வரும். டர்னிப் வந்தால் முள்ளங்கிக்குப் பதிலாகச் சாம்பாரில் போடுங்கள். பீட்ரூட் இலையைத் தண்டோடு நறுக்கிப் பாசிப்பருப்புச் சேர்த்துப் பொரியல் செய்தால் செங்கீரையா என்று கேட்பார்கள். வெளிநாட்டுப் பண்ணைகளில் பெட்டிகள் இறங்கும் இடத்தில் ஒரு மாற்றுக்கூடை வைப்பதுண்டு. வேண்டாத காயை அதில் போட்டுவிட்டு, வேறொருவர் விட்டுச்சென்றதை எடுத்துக்கொள்ளலாம். தாப்பா வாசகியின் தாமானுக்கும் இது உதவும். ஆனால், வாரத்தில் நான்கு நாள் கடையில் சாப்பிடுகிறவர்களாக நீங்கள் இருந்தால் பங்கு வேண்டாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தேவைக்கேற்ப வாங்கிக்கொள்ளுங்கள்.